மேனுவலில் கிடந்த வால்வு

மகேந்திரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். செமோரில் உள்ள கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக நீராவியோடு மல்லுக்கட்டுபவர். "தொட்டியத் தொடாமலே சூடு சொல்வேன்" என்பார். சொல்லவும் செய்வார், அதுதான் வினை.

புதிதாக வந்த கணினிக் கட்டுப்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. கையுறைகளை அலசும் தொட்டியின் சூட்டை ஒரு கட்டுப்பாடு கவனிக்கும். எவ்வளவு நீராவி வேண்டும் என்று அது சொல்ல, வால்வைத் திறப்பது இன்னொன்று. தோட்டத்தில் துரை கங்காணியிடம் சொல்லி வேலை வாங்கிய கதைதான். போதாததற்கு, உள்ளே வரும் தண்ணீர்க் குழாயிலும் ஒரு சென்சார். வரும் தண்ணீர் குளிர்ந்தால், தொட்டி ஆறும் முன்பே வால்வு திறந்துவிடும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மழை கொட்டி, குழாயில் வரும் தண்ணீர் குளிர்ந்தது. தொட்டி சரியான சூட்டில்தான் இருந்தது; வால்வோ தானாகத் திறந்தது.

"சூடு கொறையவே இல்ல, எதுக்குத் தொறக்குது? கீலா மெஷின் லா, பைத்தியம் புடிச்சிருச்சு" என்று அதை மேனுவலில், கையால் இயக்கும் நிலையில், போட்டு, பழைய அளவுக்கே இறக்கிவிட்டார். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் புத்தகத்தில் 'ஓகே' என்று மட்டும் எழுதிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அடுத்த ஷிப்ட் துளசியுடையது. தொட்டி ஆறியது, சூட்டைக் கவனிக்கும் கட்டுப்பாடு நீராவி கேட்டுக்கொண்டே இருந்தது, வால்வு அசையவில்லை. அவள் காரணம் கண்டுபிடிப்பதற்குள் நாற்பது நிமிஷக் கையுறைகள் வீணாகிவிட்டன.

மறுநாள் காலை மேனேஜர் யுகேந்திரன் இருவரையும் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க விட்டுட்டுப் போறப்ப எல்லாம் சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு, பாஸ்."

துளசி தரையைப் பார்த்தபடி நின்றாள். அன்றே எச்சரிக்கைக் கடிதம் அவளுக்கு வந்தது. அவள் வேலை நிரந்தரமாக ஒரு மாதமே இருந்தது. மகேந்திரனுக்கு அவமானத்தில் சாப்பாடு இறங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குச் சோறு எப்படி இறங்கும்?

வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாறும்போது அவளிடம் வந்து தடுமாறினார். "துளசி, அந்த வால்வு..."

"தெரியும்ணே. மேனுவல்ல கெடந்தத ஆட்டோவுக்கு மாத்துனதே நான்தான்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

அவள் வயதில் அவருக்கு மகள் இருக்கிறாள். அந்த முகத்தைப் பார்க்கக் கூசியது. நேரே மாடியேறி யுகேந்திரனிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

"லெட்டர திரும்ப வாங்கிடுறேன்" என்றார் யுகேந்திரன். பிறகு மெதுவாகக் கேட்டார். "நேத்து நான் கேட்டப்ப, அவ உங்க பக்கத்துலதானே நின்னா, அண்ணே?"

தொட்டியைத் தொடாமலே சூடு சொல்கிறவர் தரையைப் பார்த்தார்.