ராசா எந்த ஊர்?

சென்ற ஞாயிறு பின்னேரம், இருநூறு சனத்துக்கு முன்னால், தலையில் ஒரு கூம்புத் தொப்பியோடு நின்று நான் என் வாயால் கெட்டேன்.

கெட்ட கதையைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று... அன்றிலிருந்து எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. சோற்றுக் கோப்பையில் தாளம் போடுகிறேன். காய்ச்சலோ என்று மனைவி இரண்டு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்குத் தெரியும் – ஐம்பத்திரண்டு வயதில் நான் நடிப்பு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் திருமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தேவாலயத்தின் பழைய மண்டபம். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. 'வளர்ந்தவர்களுக்கு மட்டும் – நடிப்பும் கூத்தும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வளர்ந்தவன்தானே, போவோம் என்று போனேன்.

படிப்பிக்கிறவர் தர்சினி மிஸ். வயது இருபத்தாறு. பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு வந்தவர். எங்களில் பாதிப் பேர் வீட்டில் அவரைவிட மூத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் என்ன? "ஐயா, முதுகை நிமித்துங்கோ. இது கந்தோர் இல்லை, அரண்மனை!" என்று ஒரு அதட்டல் போட்டால், முப்பது வருடம் மேசையில் கவிழ்ந்து கிடந்த முதுகுகூடத் தானாக நிமிரும்.

ஏன் போகிறோம் என்று கேட்பீர்கள். இந்தச் சண்டைக் காலத்தில் இந்த ஊரில் எல்லாரும் தணிந்த குரலில்தானே கதைக்கிறோம்? பஸ்ஸில், சந்தையில், ஏன், சொந்த வீட்டுக் குசினியில்கூட. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் தொண்டை கிழியக் கத்தலாம், ஏன் கத்துகிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள் – இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் நாளே மிஸ் எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்தில் தொடங்கினார். அதில் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தப் பாத்திரமும் சும்மா வந்து மேடையில் நிற்க முடியாது. ஆடிக்கொண்டு வர வேண்டும். தான் யார், எந்த நாடு என்று தானே பாடிச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் வரவு. பாடிய அடியை மேடை ஓரத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர்கள், 'வந்தேன்' என்பதை மட்டும் 'வந்தார்' என்று மாற்றி, அப்படியே திருப்பிப் பாட வேண்டும். ராசா பிழையாகப் பாடினாலும், அதே பிழையோடு!

"முதலில் உங்கட சொந்த வரவு. பேரையும் ஊரையும் சொல்லிக்கொண்டு ஒவ்வொருத்தரா உள்ளுக்கு வாங்கோ பாப்பம்," என்றார் மிஸ். வாசலில் வந்து நின்றவர்களைப் பார்த்து, "நீங்கள் ஆர்? எங்கயிருந்து வாறீங்கள்?" என்று கேட்டார்.

என் கை சேர்ட் பொக்கெட்டுக்குப் போய்விட்டது.

சோதனைச் சாவடிப் பழக்கத்தில் அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறேன்! எனக்குப் பின்னால் வந்த ரசீத் நானா – கிண்ணியாவில் புடவைக்கடை வைத்திருக்கிறவர் – அவரும் நீட்டுகிறார். வங்கி உத்தியோகத்தர் நீட்டுகிறார். ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் கைப்பையைத் திறந்து தேடுகிறார். அத்தனை பேரும் குனிந்த தலை, நீட்டிய கை. மிஸ் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராக அட்டையை மெல்லத் திரும்ப வைத்தோம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

மிஸ் தானே ஒரு புதுக் கூத்து எழுதினார். அதில் ஒரு ராசா. மூக்கு, மீசை, குரல் எல்லாம் பார்த்தால் ராசா நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மிஸ்ஸுக்கு இருந்திருக்கிறது. ராசா வேடத்தை நவமணிக்குக் கொடுத்துவிட்டார்!

நவமணிக்கு நாற்பது வயதிருக்கும். தையற்கடை ஒன்றில் வேலை. கதைத்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது. பாடினால்... மண்டபத்து ஓட்டிலிருந்த புறா எழும்பிப் பறக்கும். "அந்தக் காலத்தில ஆம்பிளைகள் ராணிக்கு ஆடினவை. இப்ப நாங்கள் ராசாவுக்கு ஆடுவம்," என்றார் மிஸ்.

எனக்குக் கட்டியகாரன் வேடம். ராசாவுக்கு முன்னால் வந்து, "பராக், பராக்" என்று சபைக்கு அறிவிக்கிறவன். இடையிடையே பகிடி விட்டுச் சிரிக்க வைக்க வேண்டும். ஏட்டில் இல்லாததையும் அவன் கதைக்கலாம், ராசாவையே கேள்வி கேட்கலாம். "உங்களுக்கெண்டே செய்த பாத்திரம்," என்றாள் மனைவி. நான் தலையாட்டினேன். ஆனால் ராசாவின் பாட்டு முழுவதையும் குளியலறையில் ரகசியமாகப் பாடமாக்கி வைத்துக்கொண்டேன். யாருக்கு என்ன நேரும் என்று சொல்ல முடியுமா?

ராசாவின் வரவில் ஒரு இடத்தை மிஸ் வெறுமையாக விட்டிருந்தார். அதில் நடிக்கிறவர் தன் ஊரைப் போட்டுப் பாட வேண்டும். நவமணி போட்டது இது:

"திருமலையாம் நாடாளும் காவலனும் வந்தேன்..."

முதல் அடிகள் இடிபோல வரும். இந்த அடி வந்ததும் குரல் இறங்கிவிடும். ஒவ்வொரு ஒத்திகையிலும் அதே இடம். பெரிய வைத்தியர் மாதிரி நான் இஞ்சியும் கற்கண்டும் சொன்னேன். பாவம், அதையும் வாங்கிச் சப்பினார்.

ஆட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வகுப்பு முடிந்து மிஸ்ஸும் நானும் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தோம். நவமணி வந்து நின்றார்.

"மிஸ், எனக்கு ஏலாது. வேற ஆளைப் போடுங்கோ."

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன் – என் வாய் "ஐயோ" என்றது. மனம் ராசாவின் முடியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தது.

"ஏன் அக்கா?" என்றார் மிஸ்.

"நான் திருமலை இல்லை மிஸ். கட்டைபறிச்சான்."

மூதூருக்குப் பக்கத்து ஊர். குடாவுக்கு அந்தப் பக்கம். அக்கரை, அதாவது இயக்கத்தின் பக்கம், அங்கிருந்து வந்தவர் என்றாலே இங்கே சந்தேகம், விசாரணை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பிள்ளைகளோடு ஒன்றரை வருடத்துக்கு முன் இங்கே வந்திருக்கிறார். மாடுகளை விட்டுவிட்டு வர மனமில்லாமல் புருஷன் அங்கேயே நிற்கிறார். அட்டையில் இருப்பது, படிக்கிற காலத்தில் சித்தி வீட்டில் நின்றபோது எடுத்த டவுன் முகவரி. அதைக் காட்டித்தான் அறை எடுத்திருக்கிறார்.

"வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொன்னவ, அக்கரை ஆக்களுக்கு வீடு குடுக்கிறேல்லை, பிறகு விசாரணை எண்டு அலைய ஏலாது எண்டு. நான் வாய் திறக்கேல்லை. இப்ப அவ கூத்துப் பாக்க வாறாவாம். எங்கட வீட்டுப் பிள்ளைதான் ராசா எண்டு ஒழுங்கையில வீடு வீடாச் சொல்லித் திரியிறா. அந்த அடியைப் பாடேக்க எனக்குத் தொண்டை அடைக்குது மிஸ். தெரிஞ்சால் பிள்ளைகளோட நான் எங்க போறது?"

என் தலையிலிருந்த முடி எங்கே விழுந்ததோ தெரியாது. இஞ்சியும் கற்கண்டும்... சீ!

மிஸ் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தார். "திருமலை எண்டே பாடுங்கோ அக்கா. தொண்டை அடைச்சால் மத்தளத்தைக் கூட்டி அடிக்கச் சொல்லுறன். ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா ராசா நீங்கள்தான்." நானும் என் பங்குக்கு, உயிர் போனாலும் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

ஞாயிறு வந்தது. விடிய விடிய ஆட வேண்டிய கூத்தை இரண்டு மணித்தியாலமாகச் சுருக்கி, இரண்டரைக்குத் தொடங்கினோம். சனம் இருட்டுமுன் வீடு சேர வேண்டும். ரசீத் நானா படகில் துறை கடந்து கிண்ணியா போக வேண்டும். அனுமதி எடுத்த நிகழ்ச்சி என்பதால் வாசலில் இரண்டு பொலிஸ்காரர். இரண்டாவது வரிசையில், பட்டுச் சேலையில், வீட்டுக்கார அம்மா. மண்டபம் நிறைந்து சன்னல்களிலும் தலைகள். எத்தனை காலம், இந்த ஊர்ச் சனத்தை ஒரே இடத்தில் சிரித்த முகத்தோடு பார்த்து!

நான் துள்ளிக்கொண்டு போய்ப் பராக் சொன்னேன். கைதட்டல். மத்தளம் முழங்கியது. சதங்கை குலுங்க, முடியும் வாளுமாக நவமணி ஆடிக்கொண்டு வந்தார். என்ன வரவு அது! எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. முதல் இரண்டு அடியும் ஓட்டைத் தூக்கின. மூன்றாவது அடி... வாய் திறந்தபடி நிற்கிறது. குரல் வரவில்லை.

மத்தளம் ஒரு சுற்று அடித்தது. இரண்டு சுற்று. நவமணியின் கண் இரண்டாவது வரிசையிலேயே நிற்கிறது. பிற்பாட்டுக்காரர்கள் எதைத் திருப்பிப் பாடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். சபையில் யாரோ இருமினார்கள். கட்டியகாரன் ஏதாவது கதைத்துச் சமாளிக்க வேண்டும், அதுதானே அவன் வேலை? எனக்கு மூளை நின்றுவிட்டது. வாய் மட்டும் ஓடியது.

"ராசாவே! நீர் ஆர்? எங்கயிருந்து வாறீர்?"

கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது. சந்திக்குச் சந்தி கேட்கிற அதே கேள்வி. அதே அதட்டல். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஒரு மனிசிக்கு எந்தக் கேள்விக்குப் பயமோ, அதையே இருநூறு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டேன்.

நவமணி என் பக்கம் திரும்பினார். கோபமா, அழுகையா... என்னால் மட்டுக்கட்ட முடியவில்லை. வாளை உயர்த்தினார். ஒரு காலைத் தூக்கி அடித்தார்.

"கட்டைபறிச்சான் நாடாளும் காவலனும் வந்தேன்!"

 இப்போது பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாட வேண்டும். பாடுவார்களா? எழுதிக் கொடுத்தது திருமலை அல்லவா? பிற்பாட்டு வரிசையில் நின்ற ரசீத் நானா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கையைக் காதில் வைத்தார்.

"கட்டைபறிச்சான் நாடாளும் காவலனும் வந்தார்!"

மற்றவர்களும் சேர்ந்தார்கள். பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்? சபையின் நடுவில் ஒரு மனிதர் எழும்பி நின்று அதே அடியைப் பாடினார். சன்னல் பக்கம் இரண்டு பெண்கள். பின்வரிசையில் ஒரு குடும்பமே! டவுன் ஆட்கள் என்று நான் இத்தனை நாளும் தலையாட்டிப் போன முகங்கள். எத்தனை பேர் அக்கரையை வாய்க்குள் வைத்துக்கொண்டு இங்கே நடமாடியிருக்கிறார்கள்! நவமணி அந்த அடியைவிட்டு நகரவேயில்லை. ஆறு தரமோ ஏழு தரமோ பாடினார். குரல் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. வாசலில் இருந்த பொலிஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, கூத்துத்தானே என்று திரும்பவும் போய் இருந்துவிட்டார். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கட்டியகாரன் செய்யக்கூடாத வேலை செய்தேன். அழுதேன்.

கூத்து முடிந்ததும் பின்னறைக்கு வீட்டுக்கார அம்மா வந்தார்.  நவமணி முடியைக்கூடக் கழற்றவில்லை.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் நீ," என்றார் அம்மா. முகம் கடுகடு என்றிருந்தது.

"சொன்னால் அறை தந்திருக்க மாட்டீங்கள் அம்மா."

அம்மா அதை மறுக்கவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"ஓம். தந்திருக்க மாட்டன்தான். நாளைக்குக் காலமை வெளிக்கிட்டு நில். பொலிசில குடுத்த வீட்டு ஆக்களின்ர பட்டியலில உன்ர ஊரைச் சரியா எழுதுவிப்பம். அலைச்சல்தான்... அலைவம்."

திங்கட்கிழமை இருவரும் போனார்கள். பொலிசில் நான்கு மணித்தியாலம் மர வாங்கில் இருந்தார்களாம். நூறு கேள்வியாம். ஆனால் எழுதியாகிவிட்டது. நவமணி அதே அறையில்தான் இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை தையற்கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதலாமா, பேரை மாற்றி எழுதட்டுமா என்றும் கேட்டேன். மெசினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பேரை மாத்துங்கோ அண்ணை. ஊரை மாத்தாதேங்கோ."