நீஸ் கடற்கரையில் ஆடி அமாவாசை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், ஆண்டும் திகதியும் தலையில் நிற்பதில்லை. கோயில் ஆண்டு மலர்க் குழுவிலுள்ள ஒரு பெண், வெள்ளிக்கிழமைப் பூசையில் வைத்து, "அன்ரி, வெளிநாடு போன அனுபவம் ஒண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டாள். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், பிறகு அதற்கும் கதைக்க வேண்டும். எழுதுவது அதைவிடச் சுகம்.

என் ஒரே தம்பி பிரான்சில், நீஸ் என்ற பட்டணத்தில், ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறான். எங்கள் ஐயா ஊரில் செத்தபோது அவன் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம். வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. ஒரே மகன் இருக்க, கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தம்பி அங்கே யாருக்கோ வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தானாம். அதற்குப் பிறகு எட்டு வருடம் ஐயாவுக்கென்று அவன் ஒன்றுமே செய்யவில்லை. செய்விக்க ஐயரும் இல்லை, லீவும் இல்லை.

நான் மகனோடு உலகத்தின் தென்கோடியிலுள்ள ஓக்லாந்துக்கு வந்து, மவுண்ட் ஆல்பர்ட்டில் வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு வாழப் பழகிய பிறகு, ஒருநாள் தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, இந்த வருஷமெண்டாலும் ஐயாவுக்கு ஆடி அமாவாசை செய்ய வேணும். இஞ்ச கடல் கிடக்கு, ஆனா எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் வந்து பக்கத்தில நிண்டாக் காணும்."

தகப்பனை இழந்த மகன் விரதமிருந்து கடலில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாள் அது. அந்தக் குரலுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஓம் என்றேன்.

எங்கள் ஓக்லாந்து ஐயர் கிழமை நாட்களில் கணக்காளர், வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் ஐயர். நல்ல மனுசன். தர்ப்பண மந்திரத்தை ஒரு கசெற்றில் பதிந்து தந்தார். இடையிடையே "இப்ப தண்ணி எடுங்கோ", "இப்ப தகப்பன்ர பேர் சொல்லுங்கோ" என்று விளக்கமும் சொல்லியிருந்தார். தர்ப்பையும் தந்தார். தான் கணித்த நாட்காட்டியின் போட்டோப் பிரதி ஒன்றையும் தந்தார். அதில் ஆடி அமாவாசை வெள்ளிக்கிழமை என்று இருந்தது. நான் உடனே தம்பிக்கு போன் எடுத்துச் சொன்னேன். எடுக்குமுன் வழக்கம்போல விரல் மடித்து, எங்களுக்குப் பின்னால் பத்து மணித்தியாலம் என்று எண்ணித்தான் எடுத்தேன். அவன் நித்திரையைக் குழப்பக்கூடாதே.

ஆகஸ்ட் மாதம் அந்தப் பட்டணத்துக்கு உலகமே வந்து சாப்பிடும் மாதம். தம்பி முதலாளியிடம் கெஞ்சி வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் லீவு வாங்கினான். பதிலுக்கு டிசம்பரில் நத்தார் வரைக்கும் லீவு கேட்பதில்லை என்று சொல்லியிருக்கிறான். முதலாளிக்கும் தகப்பன் இருந்திருப்பார்தானே.

வெள்ளிக்கிழமை காலை கடற்கரைக்குப் போனோம். தம்பி, அவன் மனைவி, நான். எனக்குக் கடற்கரை என்றால் மணல். அங்கே மணலே இல்லை, முழுக்கக் கல். அம்மிக் குழவி குட்டி போட்டது போல உருண்டை உருண்டையாகக் கல். அதன்மேல் சனம் படுத்துக் கிடக்கிறது. வீட்டில் மெத்தை வைத்திருக்கும் சனம்தான். வெயில் வேண்டும் என்று வந்து, குடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, பிறகு குடைக்கு வெளியே போய்ப் படுக்கிறார்கள். எண்ணெய் பூசிக்கொண்டு ஒரு பக்கம் பொரிந்ததும் மறுபக்கம் திரும்புகிறார்கள்.

"உது ஏன் மச்சாள் இப்பிடிக் கிடக்குதுகள்?" என்று தம்பி மனைவியைக் கேட்டேன்.

"கறுக்கிறதுக்கு மச்சாள்."

"கறுத்து?"

"கறுத்தா வடிவாம்."

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் மூன்று வீட்டாரும் பெட்டை கறுப்பு என்று சொல்லி, பலகாரத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இங்கே அதே நிறத்துக்கு இரண்டு கிழமை லீவு எடுத்து, விமானம் ஏறி வந்து கல்லில் கிடக்கிறார்கள். நான் நாற்பது வருடம் முந்திப் பிறந்து, இடமும் மாறிப் பிறந்துவிட்டேன்.

உடுப்பைப் பற்றி எழுத எனக்குக் கூச்சம். இல்லாத ஒன்றைப் பற்றி என்ன எழுதுவது. அத்தனை சனத்திலும் பன்னிரண்டு முழச் சேலை கட்டிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். இவ்வளவு உடுத்திக்கொண்டு வர இவளுக்கு வெட்கமில்லையா என்பது போல.

ஓக்லாந்தில் எங்கள் சனமும் மிஷன் பே கடற்கரைக்குப் போகும். புரியாணிச் சட்டி, வடை, பிளாஸ்கில் தேத்தண்ணி, ஆறு பாய். தண்ணீரில் ஒருவரும் கால் வைப்பதில்லை. அதுதான் ஒழுங்கான கடற்கரைப் பயணம் என்று நான் நினைத்திருந்தேன்.

தண்ணீருக்குக் கிட்ட இடம் தேடினோம். ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது. பக்கத்தில் என் வயதுடைய ஒரு வெள்ளைக்காரக் கிழவி, மேலுக்கு ஒன்றும் இல்லாமல், ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு மல்லாந்து கிடந்தா. நான் அந்தப் பக்கம் பார்க்காமல், கசெற் பெட்டியை ஒரு கல்லின்மேல் வைத்து எள்ளுப் பொட்டலத்தை அவிழ்த்தேன். தம்பி வேட்டியை மடித்துக் கட்டி, தர்ப்பை மோதிரம் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றான். ஆசைப்பட்டு வந்தவனுடைய முகம் பல்லுப் பிடுங்கப் போகிறவன் முகம் மாதிரி இருந்தது.

கசெற்றைப் போட்டேன். எங்கள் ஐயரின் குரல் எழும்பியது. கிழவியின் ரேடியோவில் ஒருத்தி பாடினாள். ஒரு பலகாரக்காரன் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் சந்தையில் மீன் கூவுவது போலக் கூவிக்கொண்டு வந்தான். நான் ஐயரின் சத்தத்தைக் கூட்டினேன். கிழவி எழும்பி இருந்து என்னவோ சொன்னா. சாமிப் பாட்டு அவவுடைய பாட்டைக் கெடுக்கிறதாம், தம்பி மனைவி சொன்னாள். பிறகு அவளே குனிந்து, தண்ணீரில் நிற்கும் தம்பியைக் காட்டி, "பப்பா" என்று இரண்டு முறை சொல்லி, கண்ணை மூடிக் காட்டினாள்.

கிழவி தம்பியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. ரேடியோவை நிற்பாட்டினா. பிறகு துவாயை எடுத்துத் தன்னை மூடிக்கொண்டு நேராக நிமிர்ந்து இருந்தா. காரியம் முடியும் வரைக்கும் அப்படியே இருந்தா. எங்கள் ஊர்ச் செத்த வீடுகளில் இத்தனை அடக்கமாக இருந்த பெண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பாதிப் பேர் சீட்டுக் காசைப் பற்றிக் கதைப்பார்கள்.

ஐயர் கசெற்றில் "தகப்பன்ர பேர் சொல்லுங்கோ" என்றார். தம்பி சொன்னான். தகப்பனின் தகப்பனைக் கேட்டு, "பேரன்ர பேர்" என்றார். சொன்னான். அவருடைய தகப்பனைக் கேட்டு, "பூட்டன்ர பேர்" என்றார். தம்பி வாயைத் திறந்தபடி கரையைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா! பூட்டன்ர பேர் என்ன?"

கசெற் நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது. தம்பியின் கைக்குள் இருந்த எள் விரலிடுக்கால் ஒழுகுகிறது. நான் பொத்தானை அமத்தி நிற்பாட்டினேன். வீட்டில் மருமகள் "மாமி, கொஞ்சம் பெலமாக் கதையுங்கோ" என்று தினமும் சொல்லும் ஆள் நான். அன்று எழும்பி நின்று, அந்தக் கடற்கரை முழுக்கக் கேட்க, பூட்டனின் பேரைக் கூப்பிட்டேன். அலைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

"என்ன?"

திரும்பவும் கத்தினேன். நீந்துகிற ஆளுக்கு நான் உற்சாகம் கொடுக்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் கை தட்டினார்கள். பலகாரக்காரனும் நின்று பார்த்தான். தனக்குப் போட்டி என்று நினைத்திருப்பான்.

தம்பி பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டான். மூன்று முறை முழுகினான். மூன்றாம் முறை எழும்ப நேரமாயிற்று. எழும்பி வந்தபோது அழுதிருந்தானா, கடல் தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. வந்து என் காலடியில் ஈரத்தோடு குந்தி, "ஐயாவுக்குக் கேட்டிருக்குமே அக்கா?" என்றான்.

"நான் கத்தின கத்துக்கு ஐயாவுக்குக் கேக்கேல்லையெண்டா, பூட்டனுக்கெண்டாலும் கேட்டிருக்கும்" என்றேன். தம்பி எட்டு வருடத்துக்குப் பிறகு என் முன்னால் சிரித்தான். கிழவி துவாயைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் மல்லாந்தா.

வீட்டில் விரதச் சாப்பாட்டுக்குக் காத்தோட்டிக்காய் என்ற கசப்புக் காய் வேண்டும். அந்தக் கைச்சல் இல்லாமல் ஆடி அமாவாசை இல்லை. அது பிரான்சில் எங்கே. தம்பி தன் உணவகத்திலிருந்து, உப்புத் தண்ணீரில் கிடந்த சின்னப் பச்சை மொட்டுகளை ஒரு போத்தலில் கொண்டுவந்து, "இதைப் பாருங்கோ அக்கா" என்றான். வாயில் போட்டேன். காத்தோட்டிக்காயின் ஒன்றுவிட்ட சகோதரம்போல இருந்தது. கழுவிப் பொரித்தோம். தம்பி மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டு, பகலிலேயே நித்திரையானான். "இவர் இப்பிடி நித்திரை கொண்டு நான் காணேல்லை மச்சாள்" என்று அவன் மனைவி கதவைச் சாத்தினாள்.

ஓக்லாந்துக்குத் திரும்பி வந்து, அடுத்த வெள்ளிப் பூசையில் ஐயருக்கு நன்றி சொன்னேன். வெட்கத்தை விட்டு முழுக் கதையும் சொன்னேன். அவர் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவர், நடுவில் சிரிப்பை நிற்பாட்டினார்.

"அங்கயும் வெள்ளிக்கிழமையோ செய்தனீங்கள்?"

"ஓம் ஐயா. நீங்கள் தந்த கடுதாசியில அப்பிடித்தானே."

"அது இஞ்சத்தை நேரத்துக்குக் கணிச்சது அம்மா. எங்களுக்கு வெள்ளி காலமை அமாவாசையெண்டா, அங்க அப்ப வியாழன் இரவெல்லே. அவைக்கு வெள்ளி விடியமுதல் அமாவாசை முடிஞ்சிருக்கும். ஆனா கடுதாசியைப் பாக்காமல் நான் அடிச்சுச் சொல்லமாட்டன்."

கடுதாசி என்னிடம் இல்லை. தம்பி வீட்டுச் சாமியறையில் ஒட்டிவைத்தாயிற்று. ஐயரிடமும் மூலப் பிரதி இல்லையாம். ஆக, தம்பியின் நித்திரையைக் குழப்பாமல் போன் எடுக்க பத்து விரலையும் மடித்து எண்ணத் தெரிந்த எனக்கு, சந்திரனுக்கு ஒரு விரல் மடிக்கத் தோன்றவில்லை. நத்தார் வரைக்குமான லீவை ஒருவன் விட்டுக்கொடுத்து, எட்டு வருடக் கடனைக் கழித்ததாக நினைத்து நித்திரை கொள்கிறான். அவன் கழித்தது அமாவாசையிலா, அமாவாசை போன பிறகா என்று எனக்குத் தெரியவில்லை. போனில் இதைச் சொல்ல இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் அவன், "அக்கா, இப்ப ஐயா கனவில வந்தாலும் ஒண்டும் கேக்கிறேல்ல, சும்மா இருக்கிறார்" என்றான். நான் காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன்.

அதனால் இதை வாசிக்கிறவர்களில் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் இருந்தால், அந்த ஆகஸ்டில் நீஸ் பட்டணத்துக்கு அமாவாசை எந்தக் கிழமை வந்தது என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். எந்த வருடம் என்பதை என் மகனிடம் கேளுங்கள், கடவுச்சீட்டில் முத்திரை இருக்கிறது. விடையை என்னிடம் மட்டும் சொல்லுங்கள். இந்த மலர் பிரான்சுக்குப் போகாது என்று குழுவினர் சத்தியம் செய்திருக்கிறார்கள். வியாழக்கிழமை என்று வந்தால், பெலமாகச் சொல்ல வேண்டாம்.