வளைவில் நின்ற வண்டி

கனடாவின் சஸ்காட்செவனில் பால் வண்டி ஓட்டும் ஓரெஸ்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணன் மைரான் வீட்டில் வைத்து, ரேடியோ வழியே ஊருக்கு வானிலை அனுப்பும் கருவியைப் பற்றி, "வெயில்ல காயுற தகரச் சுவத்துல தெர்மாமீட்டர மாட்டிட்டு ஊருக்கே வெயில் சொல்றியா?" என்று பொழுதுபோக்காக நாங்கள் சிலர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோவில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார். கேட்டது சரிதான், கேட்ட இடம்தான் தப்பு. இருவருக்குமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பேச்சு நின்றது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டுக்கு முந்தைய வளைவில் ஓரெஸ்ட் தன் காரை நிறுத்துவார். சற்று நேரம் வீட்டையே பார்த்துவிட்டுத் திரும்புவார். யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. காரிலுள்ள ரேடியோ, தான் நிற்குமிடத்தைத் தானே அறிவிக்கும் என்பதையே மறந்த மனுஷன். எங்கள் எல்லோருடைய ரேடியோத் திரை வரைபடத்திலும் அவருடைய புள்ளி அங்கே நிற்கும். நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் சண்டைக்கு வருவார்.

போன ஞாயிறும் நின்றார். மைரானின் கருவி வழக்கம்போல வெப்பத்தையும் காற்றையும் அனுப்பியது. அதன் கடைசியில் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. மைரான் அதைக் காலியாகவே விடுவார். அன்று எழுதியிருந்தார். ஓரெஸ்டின் கார் ரேடியோவின் திரையிலும் அது வந்தது.

"தெர்மாமீட்டர நிழலுக்கு மாத்திட்டேன்டா. அங்கேயே நிக்காம உள்ள வந்து பாரு."