கடைசி நாற்காலியின் உயரம்

பணி விதித் தொகுப்பின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “அறைகலன் பராமரிப்பாளர், மூன்றாம் நிலை. நல்ல உடற்கட்டுள்ள ஆண். அமைதியான சுபாவம் உடையவர். நீதிமன்ற நடவடிக்கைகள் குறித்துக் கருத்து ஏதும் தெரிவிக்காதவர். எழுத்து மூலமான உத்தரவின்றி எப்பொருளையும் தொடாதவர்.”

நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பதவியில் இருபத்தாறு வருஷமாக இருப்பவர் ஒரு பெண். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் அடித்தளப் பட்டறையைத் திறக்கும்போது பேச ஆரம்பித்தால் சாயங்காலம் பூட்டும்போதுதான் நிறுத்துவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் மரம் இழைக்கும் இழைப்புளியோடு பேசுவார். தீர்ப்புகளைப் பற்றி அவருக்குக் கருத்து உண்டு. தீர்ப்பு எழுதியவர்கள் உட்காரும் லட்சணத்தைப் பற்றி அதைவிடக் கடுமையான கருத்து உண்டு. எழுத்து உத்தரவுக்குக் காத்திருந்தால் இந்தக் கட்டடத்தில் ஒரு கதவும் ஒழுங்காக மூடாது என்பார். இவ்வளவையும் வாயில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுவதால், வாயிற்காவலர் முதல் பதிவாளர்வரை எல்லோருக்கும் அவர் ஆணியக்கா.

நீதிபதிகள் அமரும் மேடையில் ஒன்பது நாற்காலிகள். நடுவில் தலைமை நீதிபதி. அனுபவம் குறையக் குறைய ஓரம். ஒருவர் ஓய்வு பெற்றால் அவருக்கு இளையவர்கள் ஓர் இடம் நடுவை நோக்கி நகர்வார்கள், நாற்காலியையும் கூட்டிக்கொண்டு. அந்தந்த முதுகுக்கு என்று திருத்திய நாற்காலி என்பதால் அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வராது. போனவரின் நாற்காலி மட்டும் பட்டறைக்கு இறங்கும். அங்கே அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மேடையின் கடைக்கோடியில் போடுவார்கள். புதியவர் வந்து உட்கார்ந்த பிறகு அவர் உடம்புக்குத் தகுந்தபடி திருத்தம். ஆணியக்கா இந்த வேலையை இதுவரை பதினான்கு முறை செய்திருக்கிறார். பதினான்கு முறையும் ஒரு ஈ எறும்புகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினைந்தாவது முறைதான் வினை. மிக உயரமான ஒரு நீதிபதி, பதவிக்காலம் இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போதே, போதும் என்று கிளம்பிவிட்டார். அவர் இடத்துக்கு யார் என்று ஊரே ஜோசியம் சொல்லத் தொடங்கியது. இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒருவர் ஆறடி மூன்றங்குலம். ஊர் அவரை நெட்டையர் என்றது. இன்னொருவர் ஐந்தடி இரண்டங்குலம், அவர் குட்டையர். இருவரும் சட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் ஒருவாரம் விவாதித்துப் பார்த்தார்கள், அலுத்துவிட்டது. பிறகு யார் வீட்டு வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ண ஆரம்பித்தார்கள்.

போன நீதிபதி உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும் என்பதால், பதினோரு வருஷத்துக்கு முன்பு அவருடைய நாற்காலியின் நான்கு கால்களுக்கு அடியிலும் கட்டை வைத்து ஆணியக்காதான் உயர்த்தியிருந்தார். திங்கட்கிழமை காலை அதைப் பட்டறைக்கு இறக்கி, கட்டைகளைக் கழற்றி, மெருகேற்றி, செவ்வாய்க்கிழமை மேலே அனுப்பினார். வழக்கமான வேலை. ஆனால் நாற்காலி லிப்டில் போக வேண்டும், லிப்டில் லிப்ட்காரர் இருக்கிறார்.

லிப்ட்காரருக்கும் ஆணியக்காவுக்கும் பதினாறு வருஷமாக ஆகாது. மரச்சாமானை ஏற்றினால் லிப்டில் கீறல் விழும் என்பது அவர் கட்சி. லிப்டே மரச்சாமான் ஏற்றத்தான் இருக்கிறது, மனிதர்களுக்குக் கால் இருக்கிறது என்பது இவர் கட்சி. நீதிபதியின் நாற்காலிக்கு மட்டும் விதிவிலக்கு. கதவு மூடியதும் லிப்ட்காரர் அதில் உட்கார்ந்துகொள்வார். மூன்று மாடிக்கு, நாற்பது விநாடிக்கு, அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி. திங்கட்கிழமை இறங்கும்போது அவர் கால் அந்தரத்தில் ஆடியது. செவ்வாய்க்கிழமை ஏறும்போது தரையில் பாவியது. லிப்ட்காரரும் குட்டையரைப் போலவே ஐந்தடி இரண்டங்குலம்.

“குட்டையர்தான். நானே உட்கார்ந்து பார்த்தேன்” என்று உணவகத்தில் டீ குடிக்கும்போது சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள், உட்கார்ந்து பார்த்த பகுதியை வழியில் உதிர்த்துவிட்டார்கள். மதியத்துக்குள் அது ‘நீதிமன்ற வட்டாரம்’ ஆகிவிட்டது. சாயங்காலச் செய்தியில் நாற்காலியின் படம், பக்கத்தில் அம்புக்குறி, அங்குலக் கணக்கு. ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் நாற்காலியின் உயரத்துக்கும் அரசியல் சாசனத்துக்கும் உள்ள உறவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நெட்டையரின் ஆதரவாளர்கள் நாற்காலியை யார் உத்தரவின்பேரில் இறக்கினார்கள் என்று கேட்டு மனுப் போட்டார்கள்.

ஆணியக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். நீ அந்தக் கட்டையைக் கழற்றாமல் இருந்திருந்தால் என் வண்டி நேரத்துக்குப் போயிருக்கும் என்று வீட்டில் குறைப்பட்டுக்கொண்டார். ஏறுகிறவர்கள் எல்லாம் நெட்டையா குட்டையா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்களாம். ஆணியக்காவின் கூடப்பிறந்த அக்காவுடைய கணவர் இன்னும் மோசம். அவர் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தா; அந்த வழக்கறிஞர் குட்டையரோடு ஒன்றாகப் படித்தவர். தகவல் தன் வீட்டிலிருந்தே வந்தது என்று குமாஸ்தா அலுவலகத்தில் தம்பட்டம் அடித்துவிட்டார். அதை உறுதிப்படுத்திக்கொள்ள நேரில் வந்தார்.

“வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. ஆமான்னா தலையை மட்டும் ஆட்டு.”

“அத்தான், கட்டையைக் கழட்டினேன். கட்டைக்கு யாரு வர்றாங்கன்னு தெரியாது. எனக்கும் தெரியாது.”

“புரியுது, புரியுது. சொல்லக்கூடாதுன்னு உத்தரவு” என்று கண்ணடித்துவிட்டுப் போனார். உண்மையைச் சொல்வதைவிட ஒரு விஷயத்தை மறைக்கச் சிறந்த வழி இல்லை என்பது ஆணியக்காவுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. அவர் மறைக்க நினைக்கவில்லை என்பதுதான் கஷ்டம்.

வியாழக்கிழமை குறிப்பாணை வந்தது. “நியமனம் குறித்த ரகசியத் தகவலை அறைகலன் வாயிலாக வெளிப்படுத்தியது” பற்றி மூன்று நாளில் விளக்கம் வேண்டும். பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஏழு பத்திரிகைகள், ஏழிலும் நாற்காலி.

யார் இறக்கச் சொன்னார்கள் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றார் ஆணியக்கா. பிறகு ஏன் இறக்கினீர்கள்? ஏற்றியிருந்ததால் இறக்கினேன். இந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லாமல் யாரும் எதையும் செய்வதில்லை என்பது பதிவாளரின் முப்பது வருஷ அனுபவம். அவரால் நம்ப முடியவில்லை. கட்டைகளைத் திரும்ப வைத்துவிட்டால் வதந்தி அடங்கும் என்று யோசனை சொன்னார். வைத்தால் நாளைக்கு நெட்டையர் என்று போடுவார்கள் என்றார் ஆணியக்கா. பதிவாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாதிக் கட்டை வைத்தால் என்ன என்று கேட்டார்.

“பாதி உசரத்துல யாராவது இருந்தா அவங்க வீட்டு முன்னாடி கார் நிக்கும் சார்.”

கடைசியில் பதிவாளர் விஷயத்துக்கு வந்தார். நாற்காலி இறங்கியது வேறு, அது வெளியே தெரிந்தது வேறு. வெளியே சொன்னது யார் என்று விளக்கத்தில் எழுதிவிட்டால் ஆணியக்காவுக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும். எழுதாவிட்டால் தற்காலிக நீக்கம். திரும்ப எடுப்பார்களா என்பதை விசாரணைக் குழு முடிவு செய்யும். ஆணியக்கா எழுந்து கதவுவரை போனபிறகு, பதிவாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“நமக்குள்ள இருக்கட்டும். குட்டையர்தானே?”

பட்டறைக்குத் திரும்பியபோது வாசலில் லிப்ட்காரர் நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. அவர் ஒப்பந்த ஊழியர்; வருஷா வருஷம் புதுப்பிப்பு. நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்தார், அதை வெளியே போய்ச் சொன்னார் என்று ஒரு வரி எழுதினால் அடுத்த நாள் அவர் வாசலைத் தாண்ட முடியாது. வீட்டில் மூன்று பிள்ளைகள், சம்பாதிப்பவர் அவர் ஒருவர்.

“அக்கா, என் பேரு வருமா?”

ஆணியக்கா அன்றைக்கு அவரைக் கேட்ட கேள்விகள் பட்டறைச் சுவர்களுக்கு நினைவிருக்கும். பதினாறு வருஷப் பாக்கி முழுவதும் வந்தது. எத்தனை அலமாரியைப் படியில் தூக்க வைத்தாய். இடுப்பு போனது யாரால். நாற்பது விநாடி உட்கார்ந்தவன் நாற்பது நிமிஷமாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாயா. நாற்காலியைப் பார்த்து நீதிபதியைச் சொல்ல முடியும் என்றால் செருப்பைப் பார்த்து மந்திரிசபையைச் சொல்லேன். லிப்ட்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேர் வருமா வராதா என்று மட்டும் ஆணியக்கா சொல்லவில்லை. “போ, லிப்டுக்கு ஆளுங்க நிக்கிறாங்க” என்றார்.

அன்று இரவு கணவர், சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள் என்றார். அந்த ஆளை நீ திட்டாத நாளே கிடையாதே என்று வியந்தார். திட்டுவது என் உரிமை, அவன் சோற்றில் கை வைப்பது பதிவாளருடைய ஆசை, இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்று பதில் வந்தது.

சனிக்கிழமை விளக்கம் போனது. அதை எழுதிய அன்று பட்டறையில் பேச்சுச் சத்தமே கேட்கவில்லை என்று துப்புரவுப் பெண் சொல்கிறார். மொத்தம் நான்கு வரி: நாற்காலி உயரமாக இருந்தது, பழைய அளவுக்கு இறக்கினேன், யார் வருகிறார் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அளவெடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை தற்காலிக நீக்க உத்தரவு வந்தது. இருபது நாள் கழித்து நியமனமும் வந்தது. யாரும் பெயரே சொல்லாத, வெளியூர் நீதிமன்றம் ஒன்றிலிருந்து ஒரு பெண் நீதிபதி, நடுத்தர உயரம். இதைத்தான் முதலிலேயே சொன்னோம் என்றது தொலைக்காட்சி. அத்தான் அலுவலகத்துக்கு இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். குழு இன்னும் கூடவில்லை. ஆணியக்காவின் கோப்பில் அறைகலன் வாயிலாக ரகசியம் வெளியிட்டவர் என்று இருக்கிறது.

ஒரு நாற்காலியிலிருந்து நான்கு கட்டைகளை அவர் கழற்றினார். கேட்டபோது லிப்ட்காரரின் பெயரைச் சொல்லவில்லை.