வாத்து கேட்ட கேள்விகள்

என் மாமா, அதாவது அக்கா புருஷன், லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். மிச்ச நேரமெல்லாம் தானே உருவாக்கிய ஒரு புரோகிராமிங் மொழியைக் கட்டிக்கொண்டு அழுவார். ஆறு வருடமாக அதில் நிரல் எழுதிய ஒரே ஆள் அவர்தான். இன்னொருவர், ஒரே ஒருவர், அதைத் தொட்டுப் பார்க்க மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தார்.

அதைப் பரப்ப அவர் அடிக்காத கூத்தில்லை. கூட்டங்களில் அதன் வேகத்தைப் படம் போட்டு விளக்கினார். கேட்டவர்கள் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அதன் பெயரைப் பனியனில் அச்சடித்துக் கொடுத்தார். மீந்ததில் அக்கா ஜன்னல் துடைக்கிறாள். "தரகர் மாதிரி அதோட பெருமையே பேசறீங்களே, அத வெச்சு யாருக்கு என்ன வேலை ஆகும்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?" என்று அவள் கேட்டதும் மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஆனாலும் அது மண்டையில் ஏறியது. சின்னக் கடைகளுக்கு உதவும் நிரல்களை அந்த மொழியில் எழுதி, இலவசமாக இணையத்தில் போட்டார். கூடவே ஒரு கேள்வி பதில் பக்கம். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் 'வாத்து' என்ற பெயரில் அவரே அசட்டுக் கேள்விகள் கேட்டு, மறுநாள் சொந்தப் பெயரில் பதில் சொல்ல ஆரம்பித்தார். கண்டுபிடித்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"யாருமே இல்லாத இடத்துக்குள்ள யாருடா வருவா?" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார். "முப்பது நாளா யாரும் எடுக்காத துணிய லிஸ்ட் போட இங்க கிடைச்ச நிரலத்தான் வெச்சிருக்கேன். மாசம் மாறினா தேதி குழம்புது. வாத்துன்னு ஒருத்தர் தேதியப் பத்திக் கேட்டிருக்காங்களே, அவங்ககிட்ட பேச முடியுமா? மொழிய உண்டாக்கினவர்கிட்ட கேக்க பயமா இருக்கு. வாத்து என்னை மாதிரி ஒண்ணும் தெரியாதவங்க போல."

மாமா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"பேசாம வாத்தாவே பதில் போட்டுடுங்க மாமா. உண்மையச் சொன்னா ஓடிடுவாங்க."

"இத்தன வருஷம் கழிச்சு வந்தவங்ககிட்ட பொய்யாடா சொல்றது?" என்றவர், வாத்து என்று யாரும் இல்லை, எல்லாம் நான்தான், மன்னிக்க வேண்டும் என்று எழுதினார். தேதிப் பிழையையும் அன்றே சரிசெய்து அனுப்பினார்.

நான்கு நாள் அந்தப் பெண்மணியிடமிருந்து பதிலே இல்லை. ஆபீசிலிருந்து எனக்குப் போன் போட்டு, "ஏதாவது வந்திருக்கா?" என்பார். அவரே பார்த்திருப்பார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. "தேதி சரியாயிடுச்சு. இப்ப பேர் வரிசை தப்பா வருது, அதையும் பாருங்க. ஆமா, அப்ப இங்க வேற யாருமே இல்லையா? நான் மட்டும்தானா?"

மாமா ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

"இல்லீங்க. நாம ரெண்டு பேர் இருக்கோம்."