எழும்பி நிற்காத சனம்

எங்கள் பாராளுமன்றத் தொகுதிக்கு வேட்பாளரைத் தெரிவுசெய்த கட்சிக் கமிட்டித் தலைவர் அவர்களே, நீங்கள் எங்களை மனிதராக மதிக்கவில்லை. எங்கள் ஊர் அக்கராயனில் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கொழும்பில் வழக்குப் பேசும் ஓர் அப்புக்காத்தரை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள். அவருடைய முகத்தையே எங்கள் சனம் நோட்டீசில்தான் முதன்முதலாகக் கண்டது. இதை நான் அமெரிக்காவில், பால்மாட்டுப் பண்ணைகள் நிறைந்த ஒரு குளிர்ப் பிரதேசத்திலிருந்து எழுதுகிறேன். டிராக்டர் திருத்தும் பயிற்சிக்கு வந்து இங்கேயே வேலையில் நின்றுவிட்டவன் நான். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. கோபம் வரும்.

இந்த ஊரில் எனக்கு இன்னமும் பழகாத ஒரு புதினம் உண்டு. பெரிய மனிதர் வந்தால் ஒருவரும் எழும்புவதில்லை. ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல் இங்கே இன்னொரு தேர்தல் வைக்கிறார்கள். அதற்குப் பிரைமரி என்று பெயர். ஒரே கட்சிக்காரர் தங்களுக்குள் போட்டியிட, கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்று சனம் வாக்குப் போட்டுச் சொல்லும். எல்லா மாநிலங்களிலும் இல்லை, இந்த மாநிலத்தில் உண்டு. அதற்காக இரண்டு பேர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். முதலாமவர் வந்தது ஹெலன் என்ற அம்மாவின் மாட்டுத்தீவனக் கடைக்கு. வெளியே பனி கரையாமல் கிடந்தது. உள்ளே பண்ணைக்காரர் தீவன மூட்டைகளின் மேல் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாட்டின் தலைவராக வர நினைக்கிற மனிதர் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். ஒருவரும் அசையவில்லை. ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நான் மட்டும், ஊர்ப் பழக்கத்தில், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு துள்ளி எழும்பி நின்றேன். அவர் நான் கேள்வி கேட்கத்தான் எழும்பினேன் என்று நினைத்துவிட்டார். “கேளுங்கள், மிஸ்டர்” என்று என்னைக் கைகாட்டினார்.

கடை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மரியாதைக்கு எழும்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பதவிக்கு வருகிறவரிடம் கேட்க எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்டுவிட்டேன். “உங்கள் வயல் எங்கே இருக்கிறது? வாய்க்காலின் தலைப்பிலா, கடைசியிலா?”

அது அக்கராயன் கேள்வி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய நாங்கள், குளத்துத் தண்ணீரைப் பங்கிட வட்டவிதானை என்று ஒருவரை எங்களுக்குள் தெரிவுசெய்வோம். குளக்கட்டில் கூடி, நிற்க விரும்புகிறவர்களை முன்னுக்கு விட்டுக் கேள்வி கேட்போம். ஒருமுறை, தண்ணீர் முதலில் வரும் தலைப்பில் வயல் உள்ள ஒருவர், பணமும் பேச்சும் உள்ளவர், முன்னுக்கு வந்தார். என் அக்கா செல்லம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டா: “எங்கடை வயல் காய்ஞ்சால் உங்களுக்கு என்ன அண்ணை குறையும்?”

“பிள்ளை, நான் என்ன குளத்துத் தண்ணியைக் குடிச்சே முடிக்கப் போறன்?”

“குடிக்க வேண்டாம். உங்கடை வயலுக்கு வந்தவுடனை நித்திரை கொண்டாலே காணும்.”

குளக்கட்டே சிரித்தது. அன்று தெரிவுசெய்தது கடைசி வயல்காரரான என் அத்தானை, அக்காவின் புருசனை. எல்லாருக்கும் தண்ணீர் போய் முடிந்தால்தான் அவருடைய வயல் நனையும். அவர் நல்லவரா கெட்டவரா என்று நாங்கள் ஆராயவில்லை. எங்கள் பயிர் காய்ந்தால் அவருடைய பயிரும் காயும், அது போதும்.

தீவனக் கடையில் நின்றவருக்கு இது எப்படி விளங்கும்? தனக்கு வயல் இல்லை என்றும், அணைக்கட்டுகள் கட்டத் தான் ஆதரவு என்றும் சொன்னார். ஹெலன் குறுக்கிட்டார். டிராக்டர் திருத்தப் போன இடத்தில் எங்கள் வாய்க்கால் கதையை நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். “அவர் அணைக்கட்டைக் கேட்கவில்லை. பால் விலை விழுந்தால் உங்களுக்கு என்ன குறையும் என்று கேட்கிறார்.” அந்த மனிதரின் முகம் சிவந்தது. “ஒன்றும் குறையாது” என்றார். தன் தகப்பன் ரயில் பாதையில் விளக்குக் காட்டியவர், வேலை போனபோது வீட்டில் அடுப்பு எரியவில்லை, அதனால் பால் விலை இதற்குக் கீழே விழக் கூடாது என்று அரசாங்கம் ஓர் அடிவிலை கட்ட வேண்டும் என்பது தன் எண்ணம் என்றார். அடுத்த கிழமை மற்றவர் வந்தார். மரஆலைக் குடும்பத்துப் பிள்ளை. அரசாங்கம் பண்ணைக்காரனின் வழியில் குறுக்கிடக் கூடாது, சந்தை தானே விலையைச் சரிசெய்யும் என்பது அவருடைய வாதம். ஹெலன் அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். தனக்கும் மாடுகள் நிறைய உண்டு என்று அவர் சொல்ல, “கறக்கிறது யார்?” என்று மூட்டைமேல் இருந்த ஒரு கிழவர் கேட்டார். கடை சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டு, “நான் இல்லை” என்று ஒப்புக்கொண்டார்.

வென்றவர் அந்த இரண்டாமவர்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. இந்த நாடும் சுத்தமில்லை. எங்கள் பட்டறையில் வேலை செய்யும் கறுப்பு மனிதர் ஒருவர், தெற்கே தன் தகப்பனை வாக்குப் போடவே விடவில்லை என்று சொன்னார். ஆனால் தலைவர் அவர்களே, இந்த ஊர்ச் சனம் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. யார் பெற்ற பிள்ளை, எதை நினைக்கிறான், எங்கள் நட்டத்தில் அவனுக்குப் பங்கு உண்டா என்று கேட்டுத் தெரிந்த பிறகுதான் பிழையாகவோ சரியாகவோ போட்டது. எங்களுக்குப் பிழை விடுகிற உரிமையைக்கூட நீங்கள் தரவில்லை.

அத்தான் உங்களிடம் வந்தாரே, மறந்துவிட்டீர்களா? வாய்க்காலின் கடைசிப் பகுதி, கடைவாய்க்கால், தூர்ந்து கிடக்கிறது. அதைத் திருத்தப் பாராளுமன்றத்தில் வாய் திறக்க எங்களில் ஒருவர் வேண்டும், நீர் நில்லும் என்று சனம் கேட்டுத்தான் அவர் உங்களிடம் இடம் கேட்க யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினார். வாசலில் மத்தியானம்வரை காக்க வைத்தீர்கள். பிறகு நடந்ததை அக்கா எனக்கு எழுதியிருக்கிறா.

“இங்கிலீசிலை கதைப்பீரோ?” என்று கேட்டீர்களாம்.

“கொஞ்சம் கதைப்பன் ஐயா. எங்கடை சனம் தமிழிலைதான் பட்டினி கிடக்குது.”

“அப்புக்காத்தர் நல்லாய்ப் பேசுவார். நீர் அவருக்கு நோட்டீசு ஒட்டும்.”

ஒரு கட்டு நோட்டீசைக் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். அவர் அதைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். அக்கா அந்தக் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறதாம்.

இங்கே பிரைமரி அன்று ஹெலனை வாக்குச்சாவடிக்கு என் லொறியில் கொண்டுபோனேன். அவர் உள்ளே போனார். நான் லொறியில் இருந்தேன். கண்ணாடியில் பனி படிய, துடைத்துத் துடைத்து அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஆள் இருக்கிறேன், வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை. அக்கராயன் இடாப்பில் என் பெயர் இன்னும் இருக்கிறது, அங்கே ஆள் இல்லை. இரண்டு நாட்டிலும் வாக்குப் போட முடியாத எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கேள்வி ஒன்றுதான்.

அப்புக்காத்தரே, கமிட்டித் தலைவரே, தேர்தலுக்கு நியமனப் பத்திரம் கொடுக்க முதல் இரண்டு பேரும் அக்கராயன் குளக்கட்டுக்கு வாருங்கள். மாலை இருக்காது. எழும்பி நிற்க வேண்டாம் என்று சனத்துக்குச் சொல்லும்படி அக்காவுக்கு எழுதிவிட்டேன். அத்தானைப் பக்கத்தில் நிறுத்துங்கள். கடைவாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் உங்களுக்கு என்ன குறையும் என்று அக்கா கேட்பா. அத்தனை பேரும் கேட்கப் பதில் சொல்லுங்கள். குசினி மூலையில் கிடக்கும் அந்தக் கட்டு சுவருக்குப் போவதா அடுப்புக்குப் போவதா என்பதை அதற்குப் பிறகு அக்கா முடிவு செய்வா.