சுவரைத் தட்டுகிற அம்மா

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய அறைகளான லயத்தை விட்டுத் தனிவீட்டுக்கு வந்தவர் அந்த அம்மா. கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த விரல்கள். நான் மின்சார மீட்டர் பார்க்கப் போகும்போதெல்லாம், தேத்தண்ணி ஊற்றியதும் சுவரை இரண்டு தரம் தட்டுவார். லயத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தோழியைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்ட பழக்கம் அது. இங்கே சுவருக்கு வெளியே முட்டைக்கோஸ் நட்ட கோவாப் பாத்திதான்.

"அப்ப லயந்தான் நல்லா இருந்துச்சாம்மா?" என்றேன்.

"எங்க தம்பி? மழை பேஞ்சா ஒழுகுற எடத்துல சட்டிய வச்சிட்டு உக்காந்தே தூங்குவோம். திரும்பக் கூப்பிட்டாலும் போகமாட்டேன்."

"பொறகு ஏன் தட்டுறீங்க?"

"அவளுக்கு அந்தக் கோடியில வீடு குடுத்துட்டாங்க. தேத்தண்ணி ஆறிருமே, அதான்."

வெளியே வந்தேன். உள்ளே மறுபடி தட்டும் சத்தம் கேட்டது. பதில் வருமா என்று கோவாப் பாத்தியோரம் நானும் சற்று நின்றேன்.